சோபாக்காரர் தைத்த மூன்று நாய்கள்

என் அத்தானுக்கு சோபா தைப்பது தொழில். புதுத் துணியில் நேரடியாகக் கத்தரி வைக்க மாட்டார். முதலில் பழைய துணியில் ஓர் உறை தைத்து, சோபாவுக்குப் போட்டு, நாலு பேரை உட்கார வைத்து எழுப்பி, அப்புறம்தான் அசல் துணியை விரிப்பார். தொழிலுக்கு நல்ல பழக்கம்தான். நாய் வாங்கும்போதும் அதையே செய்தார் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

நாய் கேட்டது அவர் மகள். பேச்சு வந்த நாளிலிருந்து கேட்கிறாள். தடையாக நின்றது என் அக்கா. அவளுக்கு நாய் என்றாலே கை கால் உதறும். தெருமுனையில் வால் தெரிந்தால் போதும், அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள். நாய் வளர்ப்பவர்கள் சங்கிலியைக்கூட இழுத்துப் பிடிக்காமல், "பயப்படாதீங்க, அது கடிக்காது" என்று சிரிப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுகிட்ட கேட்டுட்டா வந்தாங்க?" என்பாள்.

மகள் அழுது அடம்பிடித்ததில் ஒருநாள் அக்கா அரைமனதாக இறங்கி வந்தாள். "சின்னதா இருக்கணும். மேல விழக் கூடாது. எது சரிப்படும்னு நீங்களே பாருங்க."

அத்தான் பார்க்கவில்லை, தைத்தார். கடையில் மிஞ்சிய பஞ்சை அடைத்து, வயிற்றுக்குள் மணல் பையைத் திணித்து, சோபாப் பொத்தானைக் கண்ணாக வைத்து, ஒவ்வொரு ஜாதியிலும் ஒரு நாய் செய்து வீட்டில் விட்டார். முதலில் பழுப்பு ரெக்சினில், சப்பை மூஞ்சியோடு ஒரு பக் நாய்.

"இது வேண்டாங்க. எந்நேரமும் குறை சொல்ற மூஞ்சி. அதுக்குத்தான் என் தம்பி இருக்கானே" என்றாள் அக்கா.

தம்பி நான்தான். மாடி அறையில் இருக்கிறேன். அப்போது வாயே திறக்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது டாஷண்ட். நீள உடம்பு, இருக்கிறதா என்று தேட வேண்டிய கால்கள். சோபாவின் கைப்பிடிக்கு வைத்திருந்த அளவிலேயே வெட்டிவிட்டார் மனிதர். நான் தலையணை என்று நினைத்து அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டேன். "மாமா நாயக் கொன்னுட்டாரு" என்று என் மருமகள் வீடே அதிர அழுதாள்.

மூன்றாவது, வெள்ளைக் கம்பளி நூலில் புசுபுசுவென்று ஒரு பொமரேனியன். அது அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. சீப்பால் வாரிவிட்டாள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காய் நறுக்கினாள். கால் தவறி நான் அதை மிதித்துவிட்டதற்கு என்னோடு அரைநாள் பேசவில்லை. அத்தான் பூரித்துப்போனார்.

"பாத்தியா மச்சான், அளவெடுத்துத் தச்சா எதுவும் பொருந்தும்."

"அத்தான், இது குரைக்காதே" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அசல் பொமரேனியன் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வீடு மாறுவதால் கொடுத்த நாய். ஒத்துவராவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. அது வாசலில் கால் வைத்து ஒரே ஒரு தடவை குரைத்தது. அக்கா சோபாமேல் ஏறி நின்றுகொண்டாள். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

"கொண்டு போயிடுங்க. என்னால முடியல" என்றபோது அவள் குரல் நடுங்கியது. மருமகள் மூலையில் சத்தமில்லாமல் அழுதாள். அத்தான் வண்டிச் சாவியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து நாய் சோபாவுக்குப் பின்னால் போயிற்று. அங்கே பஞ்சுப் பொமரேனியன் உட்கார்ந்திருந்தது. தன்னைப் போலவே இருக்கிறது, ஆனால் மூச்சும் இல்லை, நாய் வாசனையும் இல்லை, பொத்தான் கண்ணால் முறைக்கிறது. அசல் நாய் வீல் என்று கத்தி, வாலை ஒடுக்கிக்கொண்டு, ஒரே தாவலில் சோபாமேல் ஏறி அக்காவின் காலடியில் ஒண்டிக்கொண்டது. அதன் உடம்பெல்லாம் உதறியது.

அக்கா கண்ணை இறுக மூடினாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அந்த உதறல் அவளுக்குத் தெரிந்த உதறல். மெல்ல உட்கார்ந்து, ஒற்றை விரலால் அதன் முதுகைத் தொட்டாள்.

"பயப்படாத. அது கடிக்காது" என்றாள்.

அத்தான் சாவியோடு நின்றார். "அப்ப, திருப்பிக் குடுக்க வேணாமா?"

"முதல்ல அந்தப் பஞ்சு நாய்ங்கள கண்ணுல படாத எடத்துல வைங்க. பாவம், புள்ள மிரளுது."

கண்ணில் படாத இடம் என்று அத்தான் கண்டுபிடித்தது என் அறையை. மூன்றும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. பக் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.