பப்பாளி நிறத்தில் ஒரு சிப்பாய்த் தலை

அந்தத் தலை எங்கே போயிருக்கும்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும், ரெசின் என்கிற செயற்கைப் பிசினில் வார்த்தது. இரண்டாம் உலகப் போரில், பர்மா காட்டுச் சேற்றில் சிக்கிய ஜீப்பைக் கயிறு கட்டி இழுக்கும் ஐந்து இந்தியச் சிப்பாய்களில் கடைசி ஆளின் தலை அது. எங்கள் வீட்டில் ஏதோ ஒரு அலமாரிக்கு அடியில் கிடக்கிறதா, அல்லது என் மகளின் நெஞ்சுக்குள் இருக்கிறதா?

நான் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். அரியலூரில் வீடு. கணவருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. நான் வரலாறு படித்து, பள்ளியில் அதையே நடத்திக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பீரங்கி வண்டி மாடல் ஒன்று பாதியில் கிடந்தது. அவர் ஒட்டிய சக்கரங்களில் ஒன்று கோணலாக இருந்தது. அதைப் பிரித்துச் சரியாக ஒட்டப் போய்த்தான் இதற்குள் வந்தேன்.

இப்போது நான் செய்வது டையோரமா. போரில் நடந்த ஒரு காட்சியை, மண், மரம், வண்டி, ஆட்கள் என்று எல்லாவற்றோடும் சிறிய அளவில் ஒரு பலகையின்மேல் அமைப்பது. அழகாக இருந்தால் போதாது, உண்மையாக இருக்க வேண்டும். அந்தப் படை அந்தக் காட்டில் என்ன தொப்பி போட்டிருந்தது, சட்டைக் கையை எதுவரை மடித்திருந்தது என்று பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பர்மா சேற்றுக்கு எங்கள் ஊரின் வெளிறிய சுண்ணாம்பு மண் ஒத்துவராது. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனபோது ரோட்டோரத்தில் ஒரு பை செம்மண் அள்ளி வந்து, டீ வடிகட்டியில் சலித்து வைத்தேன். தூசி மட்டும் இங்கே இலவசம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு பக்கத்திலேயே இருப்பதால், ஜன்னலைத் திறந்து வைத்தால் ஜீப்புக்குத் தனியாகத் தூசி பூச வேண்டியதில்லை.

இந்த வேலை செய்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. ஒரு பொத்தான் தப்பினாலும் விடமாட்டார்கள். முதலில் வண்ணம் அடித்த சிப்பாய்த் தலையின் படத்தைப் போட்டபோது ஒருவர் எழுதினார்: "மேடம், உங்க ஆளு வெள்ளைக்காரன் வெயில்ல நின்னு கறுத்த மாதிரி இருக்கான். நம்மாளு மாதிரி இல்லையே."

அவர் சொன்னது சரி. நான் வெளிர் சிவப்பில் தொடங்கி அதன்மேல் பழுப்பு பூசியிருந்தேன். நம் தோலுக்கு அடியில் வேறொரு சூடு இருக்கிறது. முதல் பூச்சு ஆரஞ்சாக இருக்க வேண்டும், அது காய்ந்தபின் மெல்லிய பழுப்பை மேலே மேலே ஏற்ற வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். பழைய பூச்சைத் துடைத்துவிட்டு அப்படியே செய்தேன். ஐந்து தலைகளும் பழுத்த பப்பாளி நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

சின்னத் தலையைக் கையில் பிடித்து வண்ணம் அடிக்க முடியாது. பல்குச்சியின் முனையில் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டி, குச்சியைத் தெர்மாகோலில் குத்தி நிறுத்துவோம். எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோர் வீட்டிலும் என் மகள் இல்லை. அவளுக்கு அப்போது இரண்டரை வயது. பழம் என்றாலே வாயை மூடிக்கொள்வாள். கூர்முனையை ஒடித்துவிட்டு, பப்பாளித் துண்டைப் பல்குச்சியில் குத்திக் கொடுத்தால் மட்டும் தின்பாள். பாதி கொய்யாப் பழத்தைக் கவிழ்த்து, அதில் குச்சிகளை வரிசையாக நட்டு வைப்பேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்பாள். அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. என் மேசையிலிருந்துதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

அன்று காலை அவள் பழம் தின்று முடித்திருந்தாள். நான் மேசையில் இருந்தேன். குக்கர் விசில் அடித்ததும் எழுந்து போனேன். அறைக் கதவைச் சாத்தினேனா? சாத்தியதாகத்தான் நினைவு. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், கதவருகே அவள் வெறும் குச்சியோடு நிற்கிறாள்.

"இன்னொன்னு" என்றாள்.

குச்சியை வாங்கி, நைட்டியில் துடைத்துவிட்டேன். வண்ணம் ஒட்டியிருக்கும் என்று எந்தக் குச்சியையும் துடைத்துவிடுகிற பழக்கம். துடைத்த பிறகுதான் மேசையைப் பார்த்தேன். தெர்மாகோலில் நான்கு தலைகள், ஒரு ஓட்டை. அவள் கையில் இருந்தது தலை ஒட்டிய குச்சியா, காலையில் பழம் தின்ற குச்சியா? முனை ஒடிந்திருந்ததா? ஈரமாக இருந்ததா, பசை இருந்ததா? தெரிந்திருக்க வேண்டிய எல்லாவற்றையும் நானே துடைத்துவிட்டேன். அதன் பிறகு பார்த்தபோது ஒடித்த குச்சிகளும் ஒடிக்காத குச்சிகளும் தரையில் சேர்ந்து கிடந்தன.

அவள் வாய்க்குள் ஒன்றும் இல்லை. இருமவில்லை, மூச்சுத் திணறவில்லை. நான் அழுவதைப் பார்த்துத்தான் அழுதாள். கணவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மிச்சத் தலையில் ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

குழந்தை டாக்டர் கேட்டார்: "என்ன முழுங்குச்சு?"

"தலைங்க மேடம்."

"பொம்மைத் தலையா?"

"ரெண்டாம் உலகப் போர்ல ஒரு சிப்பாயோட தலைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் போரா இருந்தா என்னம்மா. எம்மாம் பெருசு, அதைச் சொல்லுங்க."

தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். எக்ஸ்ரே எடுக்கும்போது அந்தத் தலையையும் மகளின் தோளுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் வெளிச்சத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா, தோள் இங்க இருக்கு. பக்கத்துல வெச்ச தலை எங்க?"

இல்லை. அவள் எலும்புகள் எல்லாம் தெரிந்தன. தலை இருந்த இடம் வெறும் கறுப்பு.

"இந்தச் சாமான் படத்துல விழாதும்மா. அதனால உள்ள இருக்கா இல்லையான்னு இதை வெச்சு நேரடியாச் சொல்ல முடியாது. ஆனா காத்து ரெண்டு பக்கமும் சமமாப் போவுது. வயித்துக்குப் போயிருந்தா தானா வந்துடும். இருமல், இளைப்பு, காய்ச்சல் எது வந்தாலும் தூக்கிட்டு வந்துடுங்க."

"மூச்சுக் குழலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கலாமுங்களா மேடம்?"

"பாக்கலாம். மயக்கம் குடுக்கணும். நல்லா வெளையாடுற புள்ளைக்கு இப்ப அது தேவையில்லைன்னுதான் நான் சொல்லுவேன். முடிவு உங்களோடதுதான்."

பிறகு போனைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்ட கணவர், ஆலையிலிருந்து நேராக அங்கே வந்தார். மகளைத் தூக்கி, "என்னத்தடி தின்ன?" என்றார். "மாமா" என்றாள் அவள். சிப்பாய் பொம்மைகளை அவள் அப்படித்தான் சொல்வாள். "வூட்டுல எல்லாத்தையும் தேடிப் பாத்தியா?" என்று கேட்டார். இல்லை. தேடாமலே ஓடிவந்திருந்தேன்.

வீட்டில் மெத்தையைப் பிரித்தோம். துடைப்பக் கட்டையை உதறினோம். செம்மண் முழுவதையும் மறுபடி சலித்தோம். பிறகு அதே டீ வடிகட்டியைக் கழுவி, மகள் பாத்ரூம் போகிறபோதெல்லாம் மலத்தை அதில் சலித்துப் பார்த்தேன். சோளம் வந்தது, தக்காளி விதை வந்தது. சிப்பாய் வரவில்லை. பார்க்காமல் விட்ட வேளையில் போயிருக்கலாம். அவள் அத்தை வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள் நான் பார்க்கவில்லை.

அந்த ஒரு நாளை வைத்துத்தான் கணவர் நிம்மதியாக இருக்கிறார். "அன்னிக்குத்தான் உன் ஆளு எறங்கிப் போயிட்டான்" என்பார். "போர்ல இருந்து தப்பிச்சு ஓடியாந்தவனை நீ ஏன் தேடுற?" நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, மகள் மத்தியானம் தூங்கும்போது அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். ஒரே மாதிரிதான் கேட்கிறது. ஒரே மாதிரி என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

மகளிடமே கேட்டிருக்கிறேன். கேட்கக் கூடாத அளவுக்குக் கேட்டுவிட்டேன். "மாமா தலையைத் தின்னியா?" என்றால் முதலில் தலையாட்டினாள். அடுத்த முறை பூனை தூக்கிப்போனது என்றாள். எங்கள் வீட்டுக்குப் பூனை வருவதில்லை. இப்போது நான் சமையலிலோ போனிலோ இருந்தால், தானே வந்து, "நான் தின்னுட்டேன்" என்கிறாள். அப்படிச் சொன்னால் அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூக்கிக்கொள்வாள் என்று கற்றுக்கொண்டாள்.

இதில் எங்கள் ஊர் வேறு. அரியலூரில் இருமாத பிள்ளை எது? லாரித் தூசிக்கு எல்லோரும் இருமுகிறோம். மற்ற அம்மாக்கள் வெந்நீர் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நான் ஒவ்வொரு இருமலையும் பிரித்துப் பார்க்கிறேன். இது தூசியா, தலையா? போன மழையில் மகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருமல் நீண்டபோது, பெரம்பலூருக்கு பஸ் ஏறி இன்னொரு டாக்டரிடம் காட்டினேன். வழி முழுக்க அவள் என் மடியில் இருமிக்கொண்டும் பாடிக்கொண்டும் வந்தாள். அவரும் காதில் குழாயை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் கேட்டார். சளிதான் என்றார். குழாய் விட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டேன்.

"புள்ளைக்காகன்னா பண்ணலாம். உங்க மனசு திருப்திக்காகப் பண்ணக்கூடாதும்மா" என்றார்.

எது பிள்ளைக்காக, எது என் மனசுக்காக என்று பிரிக்கத் தெரிந்தால் நான் ஏன் பஸ் ஏறி வருகிறேன்? இதை அவரிடம் கேட்கவில்லை. திரும்பி வரும்போதுதான் தோன்றியது.

டையோரமா இப்போது பீரோவின் மேல் இருக்கிறது. சேறு காய்ந்து, ஜீப் பாதி புதைந்து, நான்கு பேர் பற்களைக் கடித்து இழுக்கிறார்கள். ஐந்தாவது ஆள் தலையில்லாமல் இழுக்கிறான். பெட்டியில் உபரித் தலைகள் இருக்கின்றன. ஒன்றை ஒட்டினால் வேலை முடிந்தது என்கிறார் கணவர். என்னால் ஒட்ட முடியவில்லை. ஒட்டினால் பழைய தலை தொலைந்துதான் போனது என்று நானே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அதைச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

இந்த வாரம் மறுபடி மழை. நேற்றிலிருந்து மகள் இருமுகிறாள். காய்ச்சல் இல்லை, நன்றாகத் தின்கிறாள், ஓடுகிறாள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல் நின்றிருக்கிறீர்களா? பிள்ளை எதையாவது விழுங்கியதா இல்லையா என்று தெரியாமலே நாட்களை ஓட்டியிருக்கிறீர்களா? மயக்கம் கொடுத்துப் பார்த்தீர்களா, காத்திருந்தீர்களா? காத்திருந்தவர்கள், எந்த இருமலோடு பயப்படுவதை நிறுத்தினீர்கள்? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு அம்மா என்ன செய்தாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.