அடுத்த உரிமையாளருக்காக ஒரு வண்டி

முப்பத்து நான்கு வருஷம் போக்குவரத்து அலுவலகத்தில் ஊரார் வண்டிகளுக்குப் பெயர் மாற்றிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் அதை விற்கப்போகும் நாள்தான் முதலில் கண்ணில் படும். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வாங்குவது என்று வீட்டில் முடிவானதும் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன்: விலை, வசதி, மறுவிற்பனை மதிப்பு. இரண்டை நானே நிரப்பினேன். வசதியை மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே வரி எழுதினாள்: "யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும்."

அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மலை மேலிருக்கும் கரியாலூர்ப் பள்ளியில் பதினைந்து வருஷம் டீச்சராக இருந்தவள். ஒருமுறை மலைக்குப் போய்வர வேண்டும் என்று அவள் கேட்டதில்தான் வண்டிப் பேச்சே தொடங்கியது.

சீக்கிரம் விலைபோகும் என்று வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். சந்தையில் மவுசு இருக்கிறதென்று உயரமான வண்டியாகப் பார்த்தேன். கதவுக்குக் கீழே வைக்கும் மிதிபடிக்குத் தனிக் காசு என்றார்கள். விற்கும்போது அதற்கு எவனும் பத்து பைசா கூட்டித் தரமாட்டான் என்று அந்த வரியை அடித்துவிட்டு முன்பணத்தைக் கட்டினேன்.

"கட்டிட்டுத்தான் எனக்குக் காட்டுவீங்களா?" என்றாள். காத்திருப்போர் பட்டியல் நீளம், முதலில் பெயரைப் பதிவதுதான் முறை என்றேன்.

ஓட்டிப் பார்க்கிற வண்டியை ஷோரூம் படிமேடையை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரே எட்டில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தீங்களா மேடம், எவ்ளோ ஈஸி" என்றார் விற்பனைக்காரர். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

விற்பனைக்காரரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் பாதையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்த காலம். சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதற்கு அப்பால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாலையோரப் புளியமரத்தை வெட்ட யார் யாரிடம் என்னென்ன அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். விழுந்த மரத்தை எழுப்ப அது உதவவில்லை.

முன்னால் நின்ற சின்ன கார்கள் திரும்பி, வயல் வண்டித்தடத்தில் இறங்கிப் போய்விட்டன. எங்களுக்குப் பின்னால் பஸ், அதன் பின்னால் கரும்பு டிராக்டர்கள். எங்கள் வண்டியைத் திருப்ப அந்தச் சாலையின் அகலம் போதவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏசி அருமையாக இருந்தது. அவள் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தாள். சர்க்கரை நோய் உள்ளவளால் எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

"இறங்கணுங்க."

கதவைத் திறந்தேன். படிமேடை இல்லாத இடத்தில் வண்டியின் உயரம் அப்போதுதான் தெரிந்தது. அவள் கால் காற்றில் துழாவியது. சரிவான ஓரம். தோளைக் கொடுத்தேன். அவள் பாரத்தில் எனக்கே சறுக்கியது. கதவிடுக்கில் அவள் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றாள். விற்பனைக்காரர், "மேடம், டோர் பேடு பாத்து, கீறல் விழுந்துடும்" என்றார்.

மறியலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்தாள். "இன்னா சார் இது, மச்சு வூட்டுல இருந்து எறக்குற மாதிரி எறக்கிக்கினு இருக்கீங்க? ஏணி குடுக்கலியா கம்பெனிக்காரன்?"

பின்னாலிருந்து ஓர் ஆள், "ஏணிக்கும் மனு குடுக்கணும் போலக்கீது" என்றான். சிரித்தார்கள். டிராக்டரிலிருந்து ஒரு கட்டுக் கரும்பை இழுத்து வந்து கதவடியில் போட்டார்கள். அந்தப் பெண்மணி, "எக்கா, என் தோள புடி. தோ இருக்குது எங்க வூடு" என்று கூட்டிப்போனாள்.

மரத்தை அகற்றியபோது வெயில் சாய்ந்திருந்தது. கூப்பிடப் போனேன். அந்த வீட்டு வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"நான் பஸ்ல வரேன். பஸ்ல படியாவது இருக்குது."

பதிவை ரத்து செய்திருக்கலாம். அதற்கான கடிதத்தை என்னைவிட நன்றாக எழுத அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. ஆனால் ரத்து செய்தால் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சின்னப் பிடித்தத்துக்கு மனம் ஒப்பவில்லை. வண்டி வந்தது. ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் வாங்கிப் பின்னால் போட்டேன். அதை வைத்து இரண்டு வருஷத்தில் மூன்று முறை ஏறினாள், மூன்று முறையும் ஆஸ்பத்திரிக்கு. கரியாலூருக்கு பஸ்ஸில் போனாள். சீட்டின் பிளாஸ்டிக் உறையை நான் பிரிக்கவே இல்லை. அதில் உட்கார்ந்தால் முதுகு வேர்க்கும். வேர்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கடைசியில், நான் முதல் நாளிலிருந்து யாருக்காக அதைப் பாதுகாத்தேனோ அந்த ஆள் வந்தார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயி. கூடவே அவருடைய தாயார். அவர் என்ஜினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து கீழே பார்த்தார்.

"சைடு ஸ்டெப்கூட போடலியா சார்? எங்கம்மா எப்பிடி ஏறும்? நாந்தான காசு குடுத்து போட்டுக்கணும். அதுக்கு கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க."

மிதிபடிக்கு அன்று கேட்ட விலையைவிட அதிகமாகவே குறைத்தேன். பெயர் மாற்றப் படிவங்களில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி முக்காலியை எடுத்துவந்து கதவடியில் வைத்தாள். அந்த அம்மாள் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு, மற்றக் காலுக்குப் பிடிமானம் தேடினாள்.

என் மனைவி தன் கையை நீட்டினாள்.