பாதி பீடி

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த லேத் ஷெட்டில்தான் இருந்தார். இருபது வருஷமாக நாலு மணி டீக்கு இரண்டு பேருக்கும் ஒரே பீடி. முதல் பாதி அவருக்கு, மிச்சம் எனக்கு. சேர்ந்துதான் பிடித்தோம், கால் கறுத்தது என்னவோ அவருக்கு மட்டும்தான்.

ஆவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு விரலை எடுத்துவிட்டு டாக்டர் பட்டென்று சொன்னார்: "இத்தோட நிக்கணும்னா இனிமே ஒரு பீடிகூடக் கூடாது. மீறினா காலையே எடுக்க வேண்டியிருக்கும்."

கூட இருக்க ஒருவருக்குத்தான் பாஸ். அக்காவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. பாஸை என் கையில் திணித்து, "உன்ன நம்பித்தான்டா உட்டுட்டுப் போறேன்" என்றாள். நம்புவதற்கு நல்ல ஆளைப் பார்த்தாள், போங்கள்!

மூன்று நாள் அவரை ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். நான் மட்டும் நாலு மணிக்குக் கீழே போய் ஒன்று பிடித்துவிட்டு வருவேன். நாலாம் நாள் நான் கட்டிலருகே வந்து உட்கார்ந்ததும் மாமா மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா மச்சான், பீடி உனக்கு, நாத்தம் மட்டும் எனக்கா?"

சிரித்துவிட்டேன். பாழாய்ப்போன சிரிப்பு, அங்கேதான் வழுக்கினேன். காற்று வாங்கப் போவதாக நர்ஸம்மாவிடம் சொல்லி, வீல் சேரில் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வழக்கம்போல முதல் பாதி அவருக்கு. ஏழு நாள், ஏழு பாதி.

பதினோராம் நாள் காலையில் பாதம் முழுக்கக் கறுத்திருந்தது. "பீடி பிடிச்சாரா?" என்றார் டாக்டர். சேதி கேட்டு ஓடி வந்திருந்த அக்கா பதறிப்போனாள். "ஐயோ, இல்ல டாக்டர்! என் தம்பி கூடவே கீறான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இல்ல சார்" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த ஏழு பாதிதான் காரணமா, எப்படியும் போயிருக்குமா என்று டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம். பீடியை அன்றோடு விட்டேன். விட்டு என்ன, போன கால் முளைக்கவா போகிறது?

போன ஞாயிறு சபையில் அக்கா சாட்சி சொல்ல எழுந்தாள். கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வது எங்கள் வழக்கம்.

"காலு போனாலும் உசுரு தங்குச்சு. என் தம்பி பத்து நாள் கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கினு காத்தான். ஒரு பீடி தொட உடல. அவருக்கோசரம் இவனும் வுட்டுட்டான்."

சபையே "ஸ்தோத்திரம்" என்றது. பக்கத்தில் ஊன்றுகோலைப் பிடித்தபடி இருந்த மாமாவும் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"வாயத் தொறந்துடாத மச்சான். உங்கக்கா நம்பறதுக்குன்னு கீறது நீ ஒருத்தன்தான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் ஸ்தோத்திரம் என்றேன்.