கடைசிக் காணியின் வக்கடை

இரணைமடுக் குளத்தின் கீழ் விவசாயப் போதனாசிரியராக எனக்கு வேலை கிடைத்தபோது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஒரு சைக்கிள், ஒரு தொப்பி, பை நிறையத் துண்டுப்பிரசுரம். தலைக்கனம் தனி. தாடி நரைத்த கமக்காரர்களைப் பள்ளிக்கூட வாங்கில் இருத்திப் பாடம் நடத்துவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, போகும்போது, "ஐயாவின்ரை வயல் எவடத்திலை?" என்பார்கள். எனக்கு வயல் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வாய்க்காலின் கடைசிக் காணி யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருடையது. நாற்பதைத் தாண்டியவர். காட்டை வெட்டி, வரம்பு கட்டி, வீட்டுச் சுவரைப் பாதி எழுப்பிவிட்டுத் தனியே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். "இந்தச் சிறுபோகம் வெட்டினதும் கூட்டிக்கொண்டு வந்திடுவன்" என்பதை எந்தக் கதைக்குள்ளும் எப்படியாவது நுழைத்துவிடுவார்.

பயிர் கதிரை வயிற்றில் தாங்கும் குடலைப் பருவத்துக்கு வந்த நேரம் பார்த்து அறக்கொட்டி விழுந்தது. தண்டின் அடியில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும் பூச்சி. நீரை வடித்து, மூன்று நாள் காயவிட்டு, மருந்து அடிக்க வேண்டும் என்பது நான் படித்த பாடம். கூட்டம் கூட்டிச் சொன்னேன். எல்லோரும் வரம்பில் வக்கடை வெட்டி நீரை வெளியே விட்டார்கள். அவர் மட்டும் வெட்டவில்லை.

ஊரில் துலா மிதித்து, கிணற்று நீரைப் பட்டை பட்டையாக இறைத்துப் புகையிலை வளர்த்த மனிதர். வயலில் நின்ற நீரை ஓடவிட அவருக்குக் கை வரவில்லை. இரண்டு தரம் போய்ச் சொன்னேன். மூன்றாம் தரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணியை ஆரும் வெட்டி விடுவினமே ஐயா? பாவமெல்லோ?"

"பூச்சி திண்டு முடிச்சாப்பிறகு பாவம் பாத்து என்ன செய்யப்போறியள்? மூண்டு நாளிலை வாய்க்காலிலை முறைத்தண்ணி வரும்."

"வருமே?"

"ஓம், வரும்!"

அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி நானே வெட்டினேன். அவர் தடுக்கவில்லை. உத்தியோகத்தன் வெட்டும்போது யார்தான் தடுப்பார்கள்? ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று எனக்கு அது வெற்றியாகத்தான் பட்டது.

மறுநாளே மேலே வாய்க்காலின் கரை உடைந்தது. திருத்தி முடித்துத் தண்ணீர் விடப் பத்து நாளுக்கு மேல் சென்றது. அந்தக் கரை ஒரு கிழமையாகக் கசிந்துகொண்டிருந்ததாம். நீர்ப்பாசனக் கந்தோரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பூச்சி என் இலாகா, தண்ணீர் வேறு இலாகா என்று இருந்துவிட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

வாய்க்காலில் முன்னுக்கிருந்த மற்ற வயல்கள் பள்ளக் காணிகள். ஈரம் பிடித்துத் தப்பிக்கொண்டன. மேட்டில் இருந்த கடைசிக் காணி பாளம் பாளமாக வெடித்தது. வாய்க்கால் குழிகளில் தேங்கிய நீரை அவர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் அள்ளிச் சுமந்தார். நானும் இரண்டு நாள் சுமந்தேன். வெடிப்பில் ஊற்றிய நீர் போன இடம் தெரியவில்லை. கதிர் வெளியே வந்தபோது வெறும் பதர். தீ வைத்தவன் தண்ணீர் சுமந்தால் யாருக்கு என்ன புண்ணியம்?

சில நாள் கழித்து, ஒரு மாலையில் என் விடுதிக்கு வந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுத வராது. ஊரிலிருக்கும் மனைவிக்கு அவர் அனுப்பும் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். கதிரையில் இருக்கச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னார்.

"இந்த முறை வரவேண்டாம், குளத்திலை தண்ணி இல்லாமல் பயிர் அழிஞ்சு போச்சு எண்டு எழுதுங்கோ."

"குளத்திலை தண்ணி கிடக்குது. நான் வெட்டி விட்டதை எழுதிறன். அதுதானே உண்மை."

"வேண்டாம் ஐயா. எண்டைக்கோ ஒரு நாள் அவா இஞ்சை வந்து இருக்கப்போறவா. உங்கடை முகத்திலை முழிக்கவேணும். மனத்தாங்கலோடை வரக்கூடாது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளத்தில் தண்ணீர் இல்லை என்று என் கையால் எழுதினேன். அடுத்து என்ன எழுத என்று தாளைப் பார்த்தபடியே கேட்டேன்.

அவர் சொன்னார்:

"சின்னவள் இப்ப எவ்வளவு உயரம் எண்டு கேளுங்கோ."