ஒரே ஒரு முறை தட்டினேன்

அடையாற்றில் வெள்ளம் வந்த விடியற்காலையில் நான் செய்ததை ஏழு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டிய குடியிருப்பின் தரைத்தளத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அன்று கண் விழித்தபோது தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்திருந்தது. முட்டிவலிக்கார அம்மாவைத் தாங்கிப் பிடித்து வாசலுக்கு வருவதற்குள் இடுப்பளவு ஆகிவிட்டது. போகிறபோக்கில் எதிர்வீட்டுக் கதவை ஒரே ஒரு முறை தட்டினேன். பதில் இல்லை. மேற்கு மாம்பலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் அப்போது எனக்கு வசதியாக இருந்தது. அம்மாவோடு மாடி ஏறிவிட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் கதவை உடைத்தார்கள். அவர் உள்ளேதான் இருந்தார்.

அடையாறு பகுதியில் இரண்டாவது மாடி வீட்டுக்குக் குடிபோனோம். அந்தத் தட்டலும் கூடவே வந்தது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது கேட்கும். தரமணி ஆபீசில், மீட்டிங் நடுவில் கேட்கும். எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன், யாரும் இருக்கமாட்டார்கள். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் நானும் அந்தச் சத்தமும் மட்டும்தான்.

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போனேன். நூற்றுக்கணக்கான பேர். "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்பார்கள். "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடலாம். பெரிய கூட்டத்தில் ஒளிந்துகொள்வது சுலபம்.

ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா ஒருவர்தான் விடவில்லை. "வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வீட்ல ஜெபக்குழு. ஏழு பேருதான். பேசக்கூட வேணாம், சும்மா வந்து உட்காரும்மா."

போய் உட்கார்ந்தேன். ஜெபக்குறிப்பு கேட்டால் முதுகுவலி என்பேன். அவர்கள் என் முதுகுக்காக உருகி ஜெபித்தார்கள். தி.நகர் துணிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்த அண்ணன் ஒருவர் அடுத்த வாரம் மறக்காமல் கேட்பார்: "இன்னாமா, முதுகு இப்ப எப்டி கீது?" ஒருநாள் தைலம்கூட வாங்கி வந்தார். இல்லாத வலிக்குத் தைலம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்புறம் ஒரு மழை வியாழன். வேதபாடம் நடந்துகொண்டிருந்தபோது கதவு ஒரு முறை தட்டப்பட்டது. மடியிலிருந்த வேதாகமம் விழ, நான் பாய்ந்து எழுந்தேன். "இதோ தொறக்கறேன், தொறந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே தாழ்ப்பாளோடு போராடினேன். வெளியே அந்த அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து நின்றிருந்தார்.

அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் "உன் தப்பு இல்லை" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி அங்கே போயிருக்க மாட்டேன். அண்ணன் ஈரச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏழு வருசமா தனியாவாமா இத்த சொமந்துகினு இருந்த?"

அக்கா கேட்டார். "அந்தப் பெரியவரோட பொண்ணைப் போய்ப் பார்க்கலாமா?"

"பயமா இருக்குக்கா."

"நாங்க கூட வரோம்."

அந்தச் சனிக்கிழமை அக்கா, அண்ணன், நான் மூன்று பேருமாக மேற்கு மாம்பலம் போனோம். பெரியவரின் மகளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்.

"உள்ளேருந்து அப்பா குரல் எதாவது கேட்டுச்சா?"

"இல்லைங்க. தண்ணிச் சத்தம்தான் கேட்டுச்சு."

"இன்னொரு தடவை தட்டியிருக்கலாம்."

"ஆமாம்."

ஏழு வருடமாக எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருவர் வாயால் கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடி தளரவில்லை. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாருமே அவரை நினைக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு தடவையாவது தட்டியிருக்கீங்க. மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வரலை. ஆனா வந்தீங்களே."

அந்தச் சத்தம் நின்றுவிடவில்லை. மழைக்காலத்தில் இப்போதும் வரும். வந்தால் அண்ணனுக்குப் போன் செய்வேன். "வெச்சிராதமா, லைன்லயே இரு" என்பார். பின்னால் கடையில் புடவை பிரித்துப் போடும் சத்தமும் பேரம் பேசும் குரல்களும் கேட்கும். அந்தத் தட்டல் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அந்தப் பெண்ணே கூப்பிட்டார். தன் அப்பாவைப் பற்றி எனக்கு வேறு என்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன். சமைக்கும்போது சத்தமாகப் பாடுவார். முதல் வரி மட்டும்தான் தெரியும். அடுத்த வரியை எங்கள் சமையலறையிலிருந்து அம்மா எடுத்துக் கொடுப்பாள். அப்பா பாடுவார் என்பதே அவருக்குத் தெரியாதாம்.