ஒரு டோன் கம்மியான நீலம்

1. ஆறு வாரம்

ஷீபா ஆபீஸ் ரூமிலிருந்து ஓடி வந்தாள். ஸ்ப்ரே பூத் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

"மேஸ்திரி, தேதி சொல்ட்டாங்க. ஆறு வாரத்துல எலெக்‌ஷனாம்."

"எங்கம்மா?"

"இங்கிலாண்டுல. கரோல் மேடம் மெயில் போட்ருக்காங்க. மூணு வாரத்துல நாய்ப் பட்டை பூரா ஏரோபிளேன்ல ஏறணுமாம்."

என் பேர் ஏழுமலை. ஏழாவது வரை படித்தேன். முப்பத்தொரு வருஷமாகத் தோலுக்குக் கலர் அடிக்கிறேன். எங்களுடையது ராணிப்பேட்டையில் ஒரு சின்ன ஷெட். ஓனர் ஜமீல் பாய். ஷீபா மெர்ச்சண்டைசர், சரக்கு வாங்குகிற பையரோடு இங்கிலீஷில் பேசுவது அவள்தான். ஸ்டிச்சிங்கில் இருபத்திரண்டு பெண்கள். ஃபினிஷிங்குக்கு நான்.

கரோல் அங்கே பதினோரு கடை வைத்திருக்கும் அம்மாள். நாய், பூனைச் சாமான் விற்கிறவர். அவர் ஊரில் ஓட்டுப் போடப் போகிறவர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு போவார்களாம். நாயை வாசலில் கட்டிவிட்டு உள்ளே போய்ப் போட்டுவிட்டு வருவார்களாம். அதற்காகக் கட்சிக் கலரில் கழுத்துப் பட்டை கேட்டிருந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. எலெக்‌ஷன் வருஷக் கடைசியில்தான் வரும் என்று நிதானமாகக் கொடுத்த ஆர்டர்.

"தேதி இன்னான்னு முன்னாடியே தெரியாதா அவங்களுக்கு?" என்று கேட்டாள் கஸ்தூரி. ஸ்டிச்சிங் லைன் லீடர்.

"அங்க ஆள்றவங்க எப்ப வேணா வெக்கலாமாம்க்கா."

"நல்ல ஊரு. பரீட்சைக்குத் தேதி பையனே குறிக்கிறானா?"

சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. அதுவரை நாங்கள் பெரிய கம்பெனிக்கு ஜாப் வொர்க் செய்தோம். அது நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. கரோல் ஆர்டர்தான் நேராக எங்களுக்கு வந்த முதல் ஆர்டர்.

"இது போய்ச் சேந்தா ஷெட் இருக்கும். இல்லன்னா குடோனுக்கு வாடகைக்கு விட்ருவேன். வேற வழி இல்ல," என்றார் பாய்.

எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பெண்களில் பாதிப் பேர் நடந்து வருகிற தூரம். ஷெட் மூடினால் விடியும் முன்னே பஸ் பிடித்து ஆம்பூர் போக வேண்டும். கைக்குழந்தை இருக்கிறவர்களால் அது முடியாது.

2. ஆளுங்கட்சி போச்சு

முதல் வாரம் முடிவதற்குள் மெயில் வந்தது. நீலத்தில் ஐநூறு கம்மி, சிவப்பில் ஐநூறு ஜாஸ்தி.

"ஏனாம்?" என்றேன்.

"அங்க வாரா வாரம் ஜனங்ககிட்ட கேட்டு டிவியில சொல்றாங்களாம். நீலம் இறங்கிட்டே போகுதாம்."

கஸ்தூரி மெஷினை நிறுத்தினாள். உள்ளாட்சித் தேர்தலில் வீடு வீடாகப் பூத் ஸ்லிப் கொடுத்தவள். இதெல்லாம் அவளுக்குக் கை வந்த விஷயம்.

"இப்ப ஆள்றது யாரு?"

"நீலம்தான்க்கா."

"எத்தினி வருஷமா?"

"பதினாலு."

"அப்ப ஆளுங்கட்சி போச்சு. பதினாலு வருஷம் மாமியாரையே பொறுத்துக்க முடியாது."

அதிலிருந்து காலையில் வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு இன்னா கலர் ஏறுச்சு?" என்பதுதான். சிவப்புக் கட்சியின் தலைவர் பேர் ஒருத்திக்கும் தெரியாது. சிவப்பு எவ்வளவு பட்டை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

3. ஒரு டோன்

இனி என் தப்பு.

தோலில் ஷேட் என்பது அச்சடித்த மாதிரி வராது. பையர் ஒப்புக்கொண்ட கலர் மாதிரி, ஸ்வாட்ச் துண்டு, நம்மிடம் இருக்கும். அடித்த தோலை அதன் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு டோன் முன்னே பின்னே இருந்தால் பாஸ். பெல்ட்டு, பை, செருப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு டோனுக்காக எந்தப் பையரும் சரக்கைத் திருப்பியதில்லை.

சிவப்பு ஏறியதில் நீலத்துக்கு க்ரஸ்டே மிச்சமில்லை. க்ரஸ்ட் என்றால் கலர் அடிப்பதற்கு முந்தைய வெறும் தோல். புது லாட் வாங்கினோம். அது கொஞ்சம் வெளுப்பு. உள்ளே லேசாகப் பச்சை ஓடியது. அதன் மேல் அடித்த நீலமும் ஒரு டோன் வெளுத்துத்தான் வந்தது. நான் பார்த்தேன். தெரிந்துதான் பாஸ் போட்டேன். நீலம் நீலம்தானே. நம் ஊரில் வெயிலில் வெளுத்துப்போன கொடியும் அதே கட்சிக் கொடிதான்.

மொத்த நீலமும் ஆயிரத்து முந்நூறு. அதில் அறுநூறு தைத்து, பக்கிள் போட்டு முடிந்துவிட்டது. எழுநூறு வெட்டிய பட்டையாக இருந்தது. பிளேனுக்கு ஒன்பது நாள்.

ஷீபா கரோலுக்கு வீடியோ காலில் ஒரு நீலப் பட்டையை எடுத்துக் காட்டினாள். நான் ஸ்வாட்ச் புக் கொண்டு போயிருந்தேன். பாயும் இருந்தார். கரோல் முகம் மாறியதை நானே பார்த்தேன். ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் பாய்.

"இது நீலக் கட்சி இல்லியாம் பாய். இது வேற கட்சியாம்."

"நீலம்தானம்மா?"

"வெளிர் நீலத்துல புதுசா ஒரு கட்சி இருக்காம். நீலத்துல இருந்த ஜனங்கதான் கோச்சிக்கினு அங்க போறாங்களாம். நீலக்காரங்க வீட்டு நாய்க்கு சிவப்பைக் கட்டுனாக்கூட சிரிச்சிட்டுப் போய்டுவாங்களாம். இதைக் கட்டுனா அப்புறம் கடைப் பக்கமே வர மாட்டாங்களாம்."

கதவருகில் நின்ற கஸ்தூரி, "பங்காளிச் சண்டை," என்றாள். "எதிரியக்கூட கல்யாணத்துக்குக் கூப்பிடுவான். பங்காளியக் கூப்பிட மாட்டான்."

பாய் குரலைத் தாழ்த்தினார். "ஷீபா, கேமரா வெளிச்சத்துல அப்படித் தெரியுதுன்னு சொல்லு. சரக்கு போகட்டும். அங்க போனப்புறம் பாத்துக்கலாம்."

ஷீபா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் பொய் சொல்லிப் பழகாதவள். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. வெளிச்சம் என்று சொல்லிவிட்டால் என் தப்பு இல்லை.

ஆனால் சரக்கு அங்கே போனால் திரும்பும். திரும்பினால் ஷெட் இல்லை.

நான் கேமரா முன்னால் போனேன். ஸ்வாட்ச் துண்டை ஒரு கையிலும், பட்டையை ஒரு கையிலும் பிடித்தேன். இரண்டும் வேறு என்று யாருக்கும் தெரியும்.

"சொல்லும்மா. வெளிச்சம் இல்ல. மேஸ்திரி தப்பு. நாந்தான் பாஸ் பண்ணேன். இது ஒரு டோன் கம்மி."

ஷீபா சொன்னாள். பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

கரோல் இரண்டையும் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். சரி பண்ண முடியுமா?

எழுநூறு முடியும் என்றேன். வெளுப்பு மேல் அடர்த்தி ஏற்றலாம். தைத்த அறுநூறு கஷ்டம். நூலும் ஓரமும் கலர் குடிக்கும். பிரித்துத்தான் அடிக்க வேண்டும். ஒன்பது நாளில் அறுநூறு பிரிக்க முடியாது. எத்தனை முடியும் என்று கேட்டார். முந்நூறு, முந்நூற்றைம்பது என்றேன். கூட்டிச் சொல்லவில்லை.

4. பிஸ்கட் ஓட்டு

அப்போது கஸ்தூரி உள்ளே வந்தாள். கூப்பிடாமலே வந்தாள்.

"ஷீபா, நான் கேக்கறதைக் கேளு. அந்த வெளிர் நீலக் கட்சிக்கு அவங்க ஊர்ல ஆளே இல்லியா?"

இருக்கிறார்கள், ஆனால் எத்தனை பேர் என்று தெரியாது என்றார் கரோல். டிவியில் ஒன்று சொல்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. தனக்கு அந்தக் கட்சி பிடிக்காது, அதனால்தான் அந்தக் கலரை ஆர்டரே போடவில்லை என்றும் சொன்னார்.

"கேட்டா எப்படிச் சொல்வாங்க?" என்றாள் கஸ்தூரி. "எங்க தெருவுல ஸ்லிப் குடுக்கப் போனா எல்லா வீட்லயும் 'உனக்குத்தாங்கா'ன்னுவாங்க. எண்ணிப் பாத்தா பாதிதான் இருக்கும். வாயால கேக்கக்கூடாது. ஏதாவது போடச் சொல்லணும். யாரும் பாக்காத மாதிரி."

ஷீபா அதை மெதுவாக இங்கிலீஷில் சொன்னாள். கரோல் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார். வீடியோ காலில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பதினோரு கடையிலும் மறைப்புக்குப் பின்னால், கட்சிக் கலருக்கு ஒன்றாக ஐந்து ஜாடி வைத்தார். வருகிறவர் கையில் ஒரு நாய் பிஸ்கட். யாருக்கு ஓட்டோ அந்த ஜாடியில் போட வேண்டியது. இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. எழுநூறு பட்டையையும் வலையில் பரப்பி, ஒரு கை அடர் நீலம் ஏற்றினேன். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் ஜன்னலில் வைத்து ஸ்வாட்சோடு பார்த்தேன். ஒரு டோன் முன்னே பின்னே என்கிற கணக்கே வைக்கவில்லை. பாய் வந்து பின்னால் நின்றார்.

"வெளிச்சம்னு சொல்லியிருந்தா இப்ப நிம்மதியா இருந்திருப்பேன்," என்றார்.

"பதினஞ்சு நாளைக்கு," என்றேன்.

அவர் இரண்டு டீ சொல்லிவிட்டுப் போனார். ஒன்று எனக்கு.

மூன்றாம் நாள் ஷீபா மெயிலைப் படித்தாள். சுற்றி எல்லோரும் நின்றார்கள். சிவப்பு முதல். நீலம் இரண்டாவது. வெளிர் நீலம் மூன்றாவது. கரோல் நினைத்ததைவிட ரொம்ப ஜாஸ்தி. இரண்டு ஊரில் நீலத்தையே தாண்டிவிட்டது. அந்த ஜனங்கள் தனக்கு இருபது வருஷமாகத் தெரிந்த ஜனங்கள், ஒருத்தர்கூட வாயால் சொன்னதில்லை என்று எழுதியிருந்தார்.

"பச்சை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு கடையில பச்சை ஜாடிய ஒரு நாய் கவுத்துப் போட்டு பூராத்தையும் தின்னுடுச்சாம்."

"அங்கயும் பூத்தைப் புடிக்கிறானுங்களா!" என்றாள் கஸ்தூரி.

கடைசியில் விஷயத்துக்கு வந்தாள் ஷீபா. கரோல் வெளிர் நீலம் இருநூற்றைம்பது அப்படியே எடுத்துக்கொள்கிறார். பிடித்ததால் இல்லை. 'எனக்கு அந்தக் கட்சி வேண்டாம், ஆனால் அவர்களும் என் கடை வாசலுக்கு வருகிறவர்கள்' என்று எழுதியிருந்தார். அந்த இருநூற்றைம்பதை நீலக் கணக்கில் குறைத்துவிட்டார். மீதி முந்நூற்றைம்பது அடர் நீலமாகத்தான் வேண்டும்.

பிரித்தோம். நான் அடர் நீலம் ஏற்றிக் கொடுத்தேன். பிரித்ததைத் திரும்பத் தைப்பதுதான் கஷ்டம். பழைய துளையிலேயே ஊசி விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் இரண்டு வரிசை தெரியும். மோட்டாரில் ஓட்ட முடியாது, வீலைக் கையால் சுற்ற வேண்டும். இருபத்திரண்டு பேரும் ஆளுக்குப் பதினாறு பட்டை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் ஒருத்திக்கும் தோளைத் தூக்க முடியவில்லை. ஒருத்தியும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கஸ்தூரி மட்டும் கேட்டாள்.

"மேஸ்திரி, உங்க வீட்டுச் சுவத்துக்கு இன்னா கலரு?"

"வெள்ளை."

"அதையாவது சரியா அடிச்சிருக்கீங்களா?"

அவள் திட்டியதும் எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கார்ட்டன் வண்டியில் ஏறியது. பாய் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் வாடகைக்குக் கேட்டிருந்த ஆளுக்குப் போன் போட்டு, இடம் இல்லை என்றார்.

எலெக்‌ஷனில் சிவப்புதான் ஜெயித்தது. கரோல் கடையில் சிவப்பும் வெளிர் நீலமும் மிச்சமில்லை. அடர் நீலம் கொஞ்சம் நின்றது. அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார்.

புதிதாக ஃபினிஷிங்குக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஸ்வாட்சுக்குக் கலர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அதை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், அவர்களுக்கு அது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒன்பது நாள் இருந்ததால்தான் பிரிக்க முடிந்தது.

கரோல் இப்போது எங்களுக்கு நிரந்தரப் பையர். அடுத்து வந்த ஆர்டர் பிரவுன், ஐயாயிரம்.

"பிரவுனுக்கு அங்க கட்சி ஏதாவது இருக்கா?" என்று ஷீபாவிடம் கேட்டேன்.

"இதுவரைக்கும் இல்ல மேஸ்திரி."

அப்படியும் ஜன்னலில் வைத்து இரண்டு தடவை பார்த்தேன்.