கதைக்கு டிக்கெட் வாங்கிய கண்டக்டர்

கச்சிராயபாளையத்தில் ஏறிய கூட்டத்துக்குக் கடைசி டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்த கையோடு, ஆதிமூலம் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இனி வெள்ளிமலை வரை பஸ் முக்கி முனகி மலையேற வேண்டும். வழியில் ஏறுகிறவர்களும் கம்மி. பையிலிருந்து, வேட்டித் துணியில் சுற்றிய தடித்த கையெழுத்துப் பத்திரிகை ஒன்று வெளியே வரும். காதில் செருகிய பென்சிலை எடுத்து வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, வளைவுக்கு வளைவு உடம்பு சாயப் படிப்பார். ஏதாவது ஓர் இடத்தில் பென்சில் நின்றுவிடும். "அடப்பாவி" என்பார். தன்னைத்தான் சொல்கிறாரோ என்று டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

பத்திரிகையின் பெயர் 'மலையடி'. கள்ளக்குறிச்சியில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் பிச்சைமுத்துதான் ஆசிரியர். சுற்றுவட்டாரத்தில் கதை எழுதும் ஆசை பிடித்து ஆட்டுகிற சிலர் கிறுக்கிக் கொடுப்பதையெல்லாம், தன் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே ஒரு பிரதியாக எழுதித் தைத்துவிடுவார். அச்சடிக்க யாரிடம் வசதி இருக்கிறது? அந்த ஒரு பிரதிதான் வீடு வீடாகச் சுற்றும். தியாகதுருகத்தில் ஒருவரிடம் வாங்கி மூங்கில்துறைப்பட்டில் இன்னொருவரிடம் சேர்ப்பதற்குத் தபால்காரரைவிட ஆதிமூலம் நம்பகமானவர். எந்த வழித்தடத்தில் டூட்டி போட்டாலும் மஞ்சள் பை கூடவே போகும்.

பத்திரிகையின் கடைசியில் வெள்ளைத் தாள்கள் சேர்த்துத் தைத்திருக்கும், படித்தவர்கள் கருத்து எழுத. 'அருமை', 'நன்று', 'முடிவு எதிர்பார்த்ததே' என்றெல்லாம் எழுதிக் கீழே ஒய்யாரமாகக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். ஆதிமூலம் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதிப்போட்டுவிட்டால் கதை எழுதிய ஆளின் மூஞ்சி எப்படிப் போகிறதென்று தெரியாதாம். நேரில்தான் சொல்வார். அவருக்கு நேரில் என்றால், பெரும்பாலும் ஓடுகிற பஸ்ஸில், அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு மேலாக.

சொல்லும் விதமும் தனி. நன்றாக இருக்கிறது, இல்லை என்ற பேச்சே கிடையாது. "ரெண்டாம் பக்கத்துல ஏறினேன். கடைசிவரைக்கும் வந்தேன்" என்பார். இல்லாவிட்டால், "நடுவுல எறங்கிட்டேன்பா, கோச்சுக்காத" என்பார். இதைத் தவிர வேறு அளவுகோல் அவரிடம் இல்லை. பொழுது விடிவதைப் பக்கம் பக்கமாக வர்ணித்துப் பிச்சைமுத்து ஒரு கதையைத் தொடங்கியிருந்தார். ஆசிரியர் ஆயிற்றே, யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆதிமூலம் விடுவாரா? "ஒங்க பஸ்ஸு ஸ்டாண்டுலயே நின்னுக்கினு இருக்குதுங்க. சூரியன் வந்துச்சு, குருவி வந்துச்சு, டிரைவரு மட்டும் வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார். பிச்சைமுத்து அன்று ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போனதும் முதல் இரண்டு பக்கத்தைத் தூக்கி எறிந்தார் என்பதும் உண்மை.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் சாலம்மாளின் கதை வேறு மாதிரி. புருஷன் வீட்டு அடி பொறுக்காமல் ஒரு பெண் பஸ் ஏறிப் போய்விடுகிறாள் என்று முடித்திருந்தார். அதைப் படித்த அடுத்த நாள் காலையில் ஆதிமூலம் அவரைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, "அந்தப் பொண்ணு போயி எறங்கின எடத்துல அதுக்கு யாராச்சும் இருக்கறாங்களாம்மா?" என்பது.  கதைதானே என்று சாலம்மாள் சமாளித்துப் பார்த்தார். ஆதிமூலம் விடவில்லை, பார்க்கும் போதெல்லாம் விசாரித்தார். கடைசியில் அவருடைய நச்சரிப்பு தாங்காமல் இரண்டாவது கதையை எழுதி அந்தப் பெண்ணுக்கு விழுப்புரத்தில் ஒரு வேலையும் ஒரு தோழியும் ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்த இரண்டாவது கதைதான் சாலம்மாளுக்கே பிடித்த கதை. கண்டக்டர் கேட்காமலிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதையில் வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார்கள் என்பது ஆதிமூலத்தின் நம்பிக்கை. ஒருதரம் வெள்ளிமலை பஸ்ஸில் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள், அவர் படித்த கதையில் வந்தவள் மாதிரியே இருந்தாளாம். இடம் பிடித்து உட்காரவைத்து, எருமை கன்று போட்டதா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் இந்தக் கண்டக்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று முன்சீட்டுக்கு மாறிவிட்டாள். அவர் மனைவி சின்னப்பொண்ணுவின் குறை அதைவிட நியாயமானது. "கதையில வர்றவளுக்கு ஒக்காந்து அழுவறாரு, வூட்ல இருக்கறவளுக்குக் கத்திரிக்கா வாங்கியார மறந்துடறாரு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள். ஆதிமூலம் சிரித்துக்கொண்டே மறுபடி கடைக்குப் போவார்.

அவர் கதை எழுதுவதில்லை. எழுதச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார். பின்னே எதற்கய்யா இத்தனை மெனக்கெடல் என்று 'மலையடி' வட்டத்தில் ஒருவரான அந்தோணிதாஸ் ஒருநாள் கேட்டுவிட்டார். சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருக்கும் அந்தோணிதாஸ் அதிகம் பேசாதவர். அவர் கேட்டதால்தானோ என்னவோ, ஆதிமூலம் விளையாட்டை விட்டுவிட்டுப் பதில் சொன்னார்.

"தெனம் எவ்ளோ பேர ஏத்தறேன், எறக்கறேன். ஒருத்தி அழுதுக்கினே ஏறுவா. அழுதுக்கினே எறங்கிப் போயிடுவா. வூட்ல இன்னா நடந்துச்சுன்னு எனக்கு யாரு சொல்றா? நீங்கதான் சொல்றீங்க. வேல வெட்டிய விட்டுட்டு ஒக்காந்து எழுதி, இந்தா படிச்சிக்கன்னு குடுக்கறீங்க. எனக்கு அது போதும் தாஸு. இந்த பஸ்ஸுல மட்டும் நான் டிக்கெட்டு வாங்கினவன்."

இப்படி ஒரு வாசகர் வாய்ப்பதற்கு எழுதுகிறவர்கள் முற்பிறவியில் ஏதோ நல்லது செய்திருக்க வேண்டும். பெரிய பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கும் இது வாய்க்குமா என்பது சந்தேகம்தான். அந்த வட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் ஆதிமூலத்துக்கும் அவர்களை விட்டால் ஆளில்லை என்பது, எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில்தான் எல்லாருக்கும் உறைத்தது.

அந்த வருஷம் புரட்டாசித் தொடக்கத்தில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைமறியல் நடந்தது. நெடுஞ்சாலை நெடுக மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு. சில காலனிகளில் குடிசைகள் எரிந்தன. ஆதிமூலத்துக்கு அப்போது உளுந்தூர்பேட்டை டூட்டி. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் போக வழியில்லை என்று பஸ் வெட்டிப் போட்ட ஒரு புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. பயணிகள் இறங்கி நடந்து போனார்கள். பஸ்ஸைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆதிமூலம், மஞ்சள் பையைத் திறந்து படித்தார். கையில் இருந்தது ஆடி மாத இதழ். அதில் அந்தோணிதாஸின் முதல் கதை வந்திருந்தது. தலைப்பு, 'மரம் வெட்டி'.

விதி என்பதா, நேரம் என்பதா? ஆடியில் எழுதியபோது அது வெறும் தொழில் பெயர். மறியல் முடிந்து இதழ் அடுத்த ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் அதுவே வசைச்சொல்லாகியிருந்தது. மறியலில் கலந்துகொண்டவர்களை ஊரில் சிலர் அந்தச் சொல்லால்தான் குத்திக் காட்டினார்கள். இதழ் போய்ச் சேர்ந்ததோ மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் கரும்பு போட்டிருக்கும் ராமசாமியிடம். வட்டத்தில் சிரிப்புக் கதை எழுதுகிறவர். மறியலில் முன்னால் நின்றவர். அவருடைய மச்சான் அப்போது கடலூர் ஜெயிலில் இருந்தார். எழுதியவரோ காலனிக்காரர். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு, தட்டச்சுப் பயிலகத்தில் வட்டத்தின் மாதக் கூட்டம். ராமசாமி வந்து உட்காரவில்லை. இதழை மேசைமேல் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார். அந்தப் பக்கங்களைக் கிழித்தெறிய வேண்டும், இல்லாவிட்டால் இன்றோடு இந்தக் கூட்டம் முடிந்தது என்றார். தன் ஊர் ஆட்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதென்றும், அவர்களைத் தன்னால் பிடித்து வைத்திருக்க முடியாதென்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் குரலில் இருந்தது வருத்தம், அதனால்தான் கேட்டவர்களுக்குப் பயமாக இருந்தது.

கதை ஆடியிலேயே தன் கைக்கு வந்துவிட்டது என்று பிச்சைமுத்து சத்தியம் செய்தார். எப்போது எழுதினால் என்ன, இப்போதுதானே படிக்கிறார்கள் என்று ராமசாமி கேட்டார்.  'விறகு வெட்டி' என்று மாற்றிவிடலாமே என்று பிச்சைமுத்து இழுத்தார். அந்தோணிதாஸ் பெஞ்சில் ஆதிமூலத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதினவர் வாயைத் திறக்கக்கூடாது என்பது அந்த வட்டத்தின் வழக்கம். அந்த நிலைமையிலும் மனிதர் அதை மீறவில்லை. தானே கிழித்துவிடலாமென்று கையை மட்டும் இதழ் பக்கம் நீட்டினார்.

ஆதிமூலம் முந்திக்கொண்டு இதழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  இந்த வட்டம் கலைந்துவிட்டால் இறங்கிப் போனவர்களின் கதையை அவருக்கு இனி யார் சொல்லப் போகிறார்கள்?

"நான் இன்னும் சொல்லலீங்களே" என்றார். "எல்லாரும் சொன்ன பொறவுதானே எதுவும்?"

வழக்கம் வழக்கம்தான். ராமசாமி கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க எங்க ஏறினீங்க?"

"தலைப்புலயே எறங்கிட்டேன் கண்டக்டரே."

 ஆதிமூலம் இதழைப் பிரித்தார். "அப்ப ஒங்க டிக்கெட்டு அப்படியே இருக்குது. நான் படிக்கறேன். எங்க எறங்கணுமோ சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை வரிக்குக் கீழே வைத்தார்.

அவர் படிப்பு ஒன்றும் மேடைப் படிப்பு அல்ல. எழுத்துக்கூட்டி, மூச்சு வாங்கிப் படிப்பார். கதையில் மரம் வெட்டுவதே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு, மகள் கல்யாணக் கட்டிலுக்காகத் தன் கொல்லையிலிருக்கும் வேம்பை வெட்ட வேண்டியிருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் போய், அடிமரத்தில் கையை வைத்து நிற்கிறான். கோடாலியை அதன்மேல் சாய்த்து வைக்கிறான். 'நாளைக்கு விடிஞ்சா வெட்டப்போறேன் தாயே, பொறுத்துக்க. மேல குடியிருக்கறவங்க இருந்தா இன்னைக்கே வேற எடம் பார்த்துக்குங்க' என்று சொல்லிவிட்டு, கேட்டதா என்பதுபோல அண்ணாந்து பார்க்கிறான்.

அந்த இடத்தில் பென்சில் நின்றது. 

"நான் இங்கதான் ஏறினேன் அண்ணே. பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு. மரம் ரோட்டுல கெடந்துச்சு. காக்காங்க போவாம அங்கியே சுத்திக்கினு கெடந்துச்சுங்க. நீங்க ஒதுக்கீடு கேட்டது நியாயம், நான் ஒண்ணும் சொல்லல. எம் பையனுக்கும் சேத்துதான் கேட்டீங்க. ஆனா அதுங்கள பாத்துக்கினே இத படிச்சேன்."

டைப் மெஷின்களுக்கு நடுவே ராமசாமி நின்றுகொண்டிருந்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேசத் தொடங்கியபோது ஆதிமூலத்தைப் பார்க்கவில்லை. அந்தோணிதாஸைப் பார்த்துப் பேசினார்.

"எங்கப்பாரு இப்படித்தான் சொல்லுவாரு தாஸு. இதே மாரி, கைய வெச்சிக்கினு." துண்டை மறுபடி தோளில் போட்டார். "ரோட்டு மரத்த வெட்டின அன்னைக்கு ராத்திரி நாங்க யாருமே சொல்லல."

கதையில் வரும் பெண்ணுக்குக் கட்டில் ஆயிற்றா என்று பிறகு மெதுவாகக் கேட்டார். வழக்கப்படி அந்தோணிதாஸ் பதில் சொல்லவில்லை; உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"படிங்க கண்டக்டரே" என்றார் ராமசாமி.

ஆதிமூலம் பென்சிலை அடுத்த வரிக்கு இறக்கினார். பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, பெஞ்சில் தனக்கும் அந்தோணிதாஸுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டார்.